மந்திரமும் சூனியமும்: கிறித்தவ மறுப்பின் காரணங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கிறித்தவம் மந்திரத்தையும் சூனியத்தையும் ஏன் தவறு எனக் கருதியது என்பது சமய வரலாற்றைப் பயில்வோர் பலரும் எழுப்பும் வினாவாகும். இதற்குப் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. விவிலியம் அவற்றைத் தடை செய்துள்ளது என்பது ஒன்று. சூனியக்காரர் பிறருக்குத் தீங்கிழைப்பர் என்ற அச்சமே காரணம் என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் பிழையானவை அல்ல. எனினும் இவை மட்டும் போதா. ஏனெனில், இடைக்காலத்தின் முற்பகுதியில் சூனியக்காரியின் ஆற்றலை நம்புவதையே பாவம் எனத் திருச்சபைச் சட்டம் கண்டித்தது. அதே திருச்சபையில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்த ஆற்றலை மறுப்பதே சமயத் திரிபு ஆகலாம் என்று வாதிட்ட நூல் தோன்றியது. தடை மாறவில்லை, தடைக்குக் கூறப்பட்ட காரணமே மாறியது. இம்மாற்றம் பல்லாயிரவர் உயிரைப் பறித்தது.

இக்கட்டுரை மேலைக் கிறித்தவத்தில் இத்தடைக்குக் கூறப்பட்ட காரணங்களை வரலாற்று முறையில் ஆராய்கிறது. அக்காரணங்கள் இரண்டு இழைகளாக அமைந்தன என்பது நமது கருத்து. கடவுளுக்கு உரிய இடத்தைப் பிறிதொன்றிற்குக் கொடுப்பது வழிபாட்டுப் பிழை என்பது முதல் இழை. பிறருக்குத் தீங்கு செய்வது குற்றம் என்பது இரண்டாவது இழை. இவை பிரிந்திருந்த காலத்தில் முதலாவது இரண்டாவதைக் கட்டுப்படுத்தியது. இரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டபோது பேரழிவு நேர்ந்தது. இதனை நிறுவுவதே நமது நோக்கமாகும். இறுதியில், தமிழில் வழங்கும் 'மந்திரம்', 'சூனியம்' ஆகிய சொற்கள் இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள எவ்வாறு உதவுகின்றன, எங்கு தடையாகின்றன என்பதையும் சுருக்கமாகக் காண்போம்.

1. விவிலியச் சொற்களும் அவற்றின் மொழிபெயர்ப்பும்

பழைய ஏற்பாட்டில் மந்திரம் தொடர்பான தடைகள் பல இடங்களில் காணப்படுகின்றன. அவற்றுள் உபாகமம் (இணைச்சட்டம்) 18ஆம் அதிகாரம் முதன்மையானது. பிள்ளைகளைத் தீயில் பலியிடுதல், குறி பார்த்தல், நிமித்தம் பார்த்தல், மந்திர வித்தை, இறந்தோரிடம் கேட்டல் ஆகியவற்றை அது ஒரே பட்டியலில் வைக்கின்றது. பட்டியலில் உள்ள பலவும் யாருக்கும் நேரடியாகத் தீங்கு செய்வன அல்ல. குறி கேட்பவர் எவரையும் துன்புறுத்துவதில்லை. ஆயினும் அச்செயல் கண்டிக்கப்படுகிறது. இவை வேற்றினத்தார் வழக்கங்கள் என்பதும், இஸ்ரவேலர் தங்கள் எதிர்காலத்தை அறியக் கடவுள் அனுப்பும் இறைவாக்கினரையே நாடவேண்டும் என்பதும் அப்பகுதி கூறும் காரணங்களாகும். எனவே, இங்கு முதன்மை பெறுவது தீங்கு பற்றிய அச்சமன்று. பற்றுறுதி பற்றிய அக்கறையே எனலாம்.

சவுல் அரசனின் கதையும் இதனையே உணர்த்துகிறது. நாட்டிலிருந்த குறி சொல்வோரைத் துரத்திய அதே அரசன், போருக்கு முன் அச்சமுற்று, எந்தோர் என்னும் ஊரிலிருந்த பெண்ணிடம் மாறுவேடத்தில் சென்று, இறந்த சாமுவேலை அழைக்கச் சொல்கிறான். இக்கதையில் அப்பெண் கொடியவளாகக் காட்டப்படவில்லை. சோர்ந்து விழுந்த அரசனுக்கு உணவு சமைத்து அளிக்கிறாள். கண்டனம் முழுவதும் கடவுளை விட்டு வேறு வழி தேடிய அரசன் மீதே விழுகின்றது.

பிற்காலத்தில் பெரும் விளைவை ஏற்படுத்திய வசனம் யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) 22ஆம் அதிகாரத்தில் உள்ள 18ஆம் வசனமாகும். அது மரண தண்டனை விதிக்கும் வசனம். அதில் இடம்பெறும் 'மெகஷ்ஷெஃபா' என்னும் எபிரேயச் சொல் பெண்பால் ஒருமை. கிறித்து பிறப்பதற்கு முன்னரே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை 'ஃபார்மக்கூஸ்' என ஆக்கியது. மருந்து, நஞ்சு என்னும் இரு பொருளும் தரும் 'ஃபார்மக்கோன்' என்னும் சொல்லோடு தொடர்புடையது இது. இலத்தீன் வுல்காத்தா மொழிபெயர்ப்பில் அது 'மலேஃபிக்கோஸ்' ஆயிற்று. தீமை செய்வோர் என்பது அதன் நேர்ப்பொருள். மூலத்தின் பெண்பால் ஒருமை அங்கு ஆண்பாற் பன்மையாயிற்று. மார்ட்டின் லூத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பு மீண்டும் பெண்பாலைக் கைக்கொண்டு பன்மையில் கூறியது. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு 'விட்ச்' என்றது. ஒரே வசனம், நஞ்சிடுவோரையும் தீமை செய்வோரையும் சூனியக்காரியையும் மாறி மாறிக் குறித்து வந்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு சொல்லுக்கு எந்தப் பொருளைக் கொள்வது என்பது ஏட்டளவில் நின்ற சிக்கலன்று. நீதிமன்றங்களில் உயிர்களைத் தீர்மானித்த சிக்கலாகும்.

2. மந்திரமா, அற்புதமா?

புதிய ஏற்பாட்டுக் காலத்தில் இவ்வினா புதிய வடிவம் பெற்றது. இயேசுவும் அவருடைய சீடரும் நோய் தீர்த்தனர், பேய் ஓட்டினர். வெளியிலிருந்து பார்த்தவர்க்கு அச்செயல்களும் மந்திரவாதிகளின் செயல்களும் ஒன்றாகவே தோன்றின. கிறித்தவத்தைக் கடுமையாக விமரிசித்த செல்சுஸ், இயேசு எகிப்தில் மந்திரம் கற்றவர் எனக் குற்றம் சாட்டினார். ஒரிகன் 3ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். ஆகவே, மந்திரத்திற்கும் அற்புதத்திற்கும் இடையே தெளிவான எல்லை வகுப்பது தொடக்ககாலத் திருச்சபைக்குத் தற்காப்புத் தேவையாகவும் இருந்தது.

அந்த எல்லை எங்கு வகுக்கப்பட்டது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. சமாரியாவைச் சேர்ந்த மந்திரவாதி சீமோன், தூய ஆவியை அளிக்கும் ஆற்றலைத் தனக்கும் தருமாறு அப்போஸ்தலரிடம் பணம் நீட்டுகிறான். பேதுரு அவனைக் கடிந்துகொள்கிறார். இறையருளைப் பொருளாகவும் தன்வசப்படும் ஆற்றலாகவும் கருதியதே அவன் பிழை. சமயப் பதவிகளை விலைக்கு வாங்கும் குற்றத்திற்குப் பின்னாளில் அவன் பெயரே இடப்பட்டது. எபேசு நகரில் மனம் மாறியவர்கள் தங்கள் மந்திர நூல்களைத் தாமே கொண்டுவந்து எரித்தனர்; அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசுகள் என அந்நூல் குறிப்பிடுகின்றது. அங்கு எரிக்கப்பட்டவை நூல்களே. மனிதர் எவரும் அல்லர்.

வேண்டுதல், வசப்படுத்தல் என்னும் இரண்டையும் வேறுபடுத்துவது இவ்வெல்லையின் அடிப்படையாகும். வேண்டுபவர் கடவுளின் விருப்பத்திற்குத் தம்மை ஒப்படைக்கிறார். மறுக்கப்படலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறார். மந்திரம் செய்பவரோ சரியான சொல்லும் சடங்கும் இருந்தால் பயன் தப்பாது என்று எண்ணுகிறார். நடைமுறையில் இவ்வெல்லை எப்போதும் தெளிவாக இருந்ததில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். புனிதரின் எலும்பு, ஆசி பெற்ற நீர், சிலுவை அடையாளம் ஆகியவற்றை மக்கள் பல நேரங்களில் தாயத்துப் போலவே பயன்படுத்தினர். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் கத்தோலிக்கச் சடங்குகளையே மந்திரம் எனச் சாடினர்.

3. உரோமைச் சட்டமும் அகஸ்தீனின் விளக்கமும்

சூனியத்தைக் குற்றமாகக் கருதும் வழக்கம் கிறித்தவத்தோடு தொடங்கியதன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமையரின் பன்னிரு பலகைச் சட்டமே பிறர் விளைச்சலை மந்திரத்தால் கெடுப்பதைத் தண்டித்தது. கி.மு. 81இல் இயற்றப்பட்ட கொர்னேலியச் சட்டம் கொலையையும் நஞ்சிடுதலையும் சேர்த்துக் கூறியது. பின்னர் சூனியமும் அதன்கீழ் விசாரிக்கப்பட்டது. இச்சட்டங்கள் கேட்ட கேள்வி, தீங்கு விளைந்ததா என்பதே. நாம் மேலே சுட்டிய இரண்டாவது இழை பெரிதும் இம்மரபிலிருந்து வந்ததாகும்.

திருச்சபையின் சங்கங்களோ வேறு கேள்வியை எழுப்பின. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுப்பானியாவின் எல்விரா நகரில் கூடிய சங்கம், சூனியத்தால் ஒருவரைக் கொன்றவருக்கு இறக்கும் தறுவாயிலும் நற்கருணை வழங்கலாகாது என விதித்தது. சிலை வழிபாடு இன்றி அக்குற்றத்தைச் செய்திருக்க முடியாது என்பதையே அது காரணமாகக் காட்டியது. கி.பி. 314இல் அன்சிரா நகரில் கூடிய சங்கம் குறி பார்ப்போருக்கு ஐந்தாண்டுத் தவ ஒறுத்தலை விதித்தது. திருச்சபை தன் கையில் வைத்திருந்த தண்டனை இதுவே. தவம் முடிந்தவர் மீண்டும் சமூகத்தில் சேர்க்கப்பட்டார்.

இக்கருத்துகளுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஹிப்போ நகர ஆயர் அகஸ்தீன் (354–430). இளமையில் சோதிடரை நாடியவர் அவர் என்பதை அவருடைய வாக்குமூல நூலே தெரிவிக்கின்றது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பேசுவோரின் இசைவால் அமைவது என்பது அவருடைய மொழிக்கொள்கை. இதனையே அவர் மந்திரத்திற்கும் பொருத்தினார். தாயத்து எழுத்துகளிலும் முணுமுணுக்கும் சொற்களிலும் இயல்பான ஆற்றல் இல்லை. அவை மனிதரும் தீய ஆவிகளும் தம்முள் ஒப்பிக்கொண்ட குறியீடுகள். எனவே, அறிந்தோ அறியாமலோ அவற்றைப் பயன்படுத்துபவர் தீய ஆவிகளோடு உறவு கொள்கிறார் என்பது அவர் முடிவு. மூலிகையைப் பிணிக்கு அருந்துவதை அவர் குறை கூறவில்லை. அதனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நலம் எதிர்பார்ப்பதையே ஐயுற்றார். மனிதரை விலங்காக மாற்றும் கதைகளைப் பற்றி எழுதும்போது, தீய ஆவிகளால் தோற்றத்தை மயக்க முடியுமேயன்றிப் படைப்பை மாற்ற முடியாது என்றார். இவ்விளக்கத்தில் இரண்டு விதைகள் அடங்கியிருந்தன. சூனியத்தின் ஆற்றல் வெறும் மயக்கமே என்பது ஒன்று. மந்திரம் தீய ஆவியோடு செய்யும் உடன்படிக்கை என்பது மற்றொன்று. முதல் விதை முதலில் முளைத்தது.

4. சூனியத்தை நம்புவதே பாவம்

சாக்சானியரை வென்ற சார்லமேன் பேரரசர் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள்மீது விதித்த சட்டம் வியப்பிற்குரியது. ஒருவரை மனிதரைத் தின்னும் சூனியக்காரர் என நம்பி எரிப்பவருக்கே அச்சட்டம் மரண தண்டனை விதித்தது. அந்நம்பிக்கை பிசாசின் ஏமாற்று என்றும் புறச்சமய வழக்கம் என்றும் அது கூறிற்று. கொடுமையான வெற்றிச்சட்டங்களுள் ஒன்றாயினும், குற்றவாளி யார் என்பதில் அது கொண்ட நிலைப்பாடு தெளிவானது.

கி.பி. 815 அளவில் லியோன் பேராயர் அகோபார்ட் ஆலங்கட்டி மழையையும் இடியையும் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். மந்திரவாதிகள் புயலை எழுப்புகின்றனர் என்றும், மகோனியா என்னும் நாட்டிலிருந்து மேகங்களில் மிதந்துவரும் கப்பல்கள் உதிர்ந்த விளைச்சலை ஏற்றிச் செல்கின்றன என்றும் அப்பகுதி மக்கள் நம்பினர். ஒருநாள், அக்கப்பலிலிருந்து விழுந்தவர்கள் எனக் கூறி மூன்று ஆடவரையும் ஒரு பெண்ணையும் கட்டிவைத்துக் கல்லெறிந்து கொல்ல முற்பட்டனர். அகோபார்ட் அக்கூட்டத்தோடு வாதிட்டு அதனை மறுத்தார். இயற்கை கடவுளின் ஆட்சிக்கு உட்பட்டது. மனிதர் புயல் எழுப்ப வல்லவர் என்பது கடவுளின் பெருமையை மனிதருக்குக் கொடுப்பதாகும் என்பது அவர் வாதம். கோயிலுக்குத் தசமபாகம் தர மறுப்போர், புயலைத் தடுப்பதாகக் கூறுவோர்க்குத் தவறாமல் பங்கு அளிப்பதையும் அவர் சாடினார்.

இக்காலப் போக்கின் உச்சமாக விளங்குவது 'கானோன் எப்பிஸ்கோப்பி' எனப்படும் திருச்சபைச் சட்டப்பகுதியாகும். பிரூம் நகரத் துறவி ரெஜினோ ஏறத்தாழ 906இல் இதனைத் தம் தொகுப்பில் சேர்த்தார். சில பெண்கள் இரவில் தியானா என்னும் தேவியோடு விலங்குகள்மீது ஏறி நெடுந்தொலைவு செல்வதாக நம்புகின்றனர். அது கனவில் பிசாசு காட்டும் மயக்கம். அதனை மெய் என நம்புபவர் விசுவாசத்தை இழந்தவர் என்பது அதன் சாரம். குறி, சூனியம் ஆகியவற்றை வேரறுக்குமாறு அது ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. ஆனால் அவற்றின் ஆற்றலை ஏற்கவில்லை. வோர்ம்ஸ் ஆயர் புர்க்கார்ட் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கிராஷியன் ஏறத்தாழ 1140இலும் தம் சட்டத் தொகுப்புகளில் இப்பகுதியைச் சேர்த்தனர். கிராஷியனின் தொகுப்பு இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கியதால், சட்டம் பயின்றோர் பலரும் இதனை அறிந்திருந்தனர். 1080இல் திருத்தந்தை ஏழாம் கிரெகோரி, புயலுக்கும் நோய்க்கும் பெண்களைப் பழித்துக் கொடுமை செய்வதைத் தடுக்குமாறு டென்மார்க் மன்னருக்கு மடல் எழுதினார்.

இக்காலத்தில் சூனியம் குற்றமற்றதாகக் கருதப்பட்டது என்று நாம் கொள்ளலாகாது. ஆங்காங்கே மக்கள் கூட்டமாகச் சேர்ந்து சூனியக்காரர் எனப்பட்டோரைக் கொன்றதும் உண்டு. ஆனால் சமயக் கோட்பாடு அக்கூட்டத்திற்குத் துணை நிற்கவில்லை. கடவுள் ஒருவரே ஆற்றலுடையவர் என்னும் முதல் இழை, தீங்கைப் பற்றிய அச்சமாகிய இரண்டாவது இழையைக் கட்டுக்குள் வைத்திருந்தது.

5. உடன்படிக்கைக் கோட்பாட்டின் எழுச்சி

12, 13ஆம் நூற்றாண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. அரபு மொழியிலிருந்து சோதிட, மந்திர நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டன. அவற்றைப் பயின்றோர் சிற்றூர்ப் பெண்கள் அல்லர். இலத்தீன் அறிந்த குருமாரும் மாணவருமே ஆவர். ஆவிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் சடங்குகள் அவர்களிடையே வழங்கின. இதனால், மந்திரம் கல்லாதார் மூடநம்பிக்கை என்ற பழைய விளக்கம் போதாததாயிற்று.

தாமஸ் அக்குவைனாஸ் (ஏறத்தாழ 1225–1274) தம் இறையியல் தொகுப்பில் அகஸ்தீனின் இரண்டாவது விதையை வளர்த்தார். குறி, தாயத்து, மந்திரச் சடங்கு ஆகியவற்றை அவர் மூடவழிபாடு என்னும் தலைப்பின்கீழ் வைத்து, அவற்றில் தீய ஆவியோடு வெளிப்படையான அல்லது மறைமுகமான உடன்படிக்கை உண்டு என்றார். இதுவும் வழிபாட்டுப் பிழை என்னும் முதல் இழையைச் சேர்ந்ததே. ஆயினும், உடன்படிக்கை என்னும் சட்டச்சொல் ஒரு குற்றத்தையும் குற்றவாளியையும் தேட இடமளித்தது. 1258இல் திருத்தந்தை நான்காம் அலெக்சாந்தர், சமயத் திரிபு தெளிவாக இருந்தாலன்றிச் சூனிய வழக்குகளில் தலையிட வேண்டா என விசாரணையாளருக்கு அறிவுறுத்தினார். அடுத்த நூற்றாண்டில் திருத்தந்தை 22ஆம் யோவான் காலத்தில் ஆவிகளை அழைப்பதே சமயத் திரிபாகக் கருதப்பட்டது. 1398இல் பாரிசுப் பல்கலைக்கழக இறையியற் புலம் மந்திரம் பற்றிய 28 கூற்றுகளைக் கண்டித்தது.

15ஆம் நூற்றாண்டில், ஆல்ப்ஸ் மலைப்பகுதி விசாரணைகளில் இரண்டு இழைகளும் ஒன்றாயின. பக்கத்து வீட்டாரின் பசு இறந்ததற்குக் காரணம் எனச் சந்தேகிக்கப்பட்ட ஏழைப்பெண், கற்றோர் எழுதிய உடன்படிக்கைக் கோட்பாட்டின்படி பிசாசின் அடியாளாக மாற்றப்பட்டாள். அவள் தனியாள் அல்லள், மறைவான கூட்டத்தின் உறுப்பினள் என்ற எண்ணமும் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் வேறு யார் இருந்தனர் என்பதே விசாரணையின் அடுத்த கேள்வி ஆயிற்று.

6. வேட்டையும் அதன் விலையும்

ஹைன்ரிக் கிராமர் என்னும் தொமினிக்கத் துறவியின் வரலாறு இம்மாற்றத்தை விளக்கும். 1484 டிசம்பரில் அவர் திருத்தந்தை எட்டாம் இன்னசென்டிடமிருந்து சூனிய வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை உறுதிசெய்யும் ஆணையைப் பெற்றார். 1485இல் இன்ஸ்புருக் நகரில் அவர் நடத்திய விசாரணையை அப்பகுதி ஆயர் கியோர்க் கோல்சர் ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் விடுவிக்கப்பட்டனர். கிராமர் அந்நகரை விட்டு நீங்குமாறு வலியுறுத்தப்பட்டார். அத்தோல்விக்குப் பின்னர் அவர் எழுதி 1486–87இல் அச்சிட்ட நூலே 'மல்லேயுஸ் மலேஃபிக்காரும்', அதாவது சூனியக்காரிகளின் சம்மட்டி. சூனியக்காரர் உண்டு என நம்பாதிருப்பது சமயத் திரிபா என்னும் வினாவோடு அந்நூல் தொடங்குகின்றது. கானோன் எப்பிஸ்கோப்பி அவருக்குப் பெருந்தடையாக இருந்ததால், அது வேறொரு வகைப் பெண்களைக் குறிப்பதாக விளக்கினார். பெண்ணைக் குறிக்கும் 'ஃபேமினா' என்னும் இலத்தீன் சொல், விசுவாசம் குறைந்தவள் என்னும் பொருளில் அமைந்தது என்றும் எழுதினார். மொழியியல் அடிப்படை ஏதுமற்ற இச்சொற்பிறப்பு விளக்கம், பெண்களே இக்குற்றத்திற்கு எளிதில் ஆட்படுவர் என்னும் அவர் வாதத்திற்குச் சான்றாக நின்றது.

1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வெளியிட்ட குற்றவியல் சட்டம் தீங்கு விளைவித்த சூனியத்திற்கு எரித்துக் கொல்லும் தண்டனையை விதித்தது. தீங்கு விளையாதவிடத்துத் தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு விட்டது. 1572இல் லூத்தரன் நாடான சாக்சனி இயற்றிய சட்டம், தீங்கு விளையாவிட்டாலும் பிசாசோடு உடன்படிக்கை செய்தவருக்கு மரணம் என்றது. இரண்டு இழைகளும் பிணைந்ததன் சட்ட வடிவம் இதுவே. தீங்கைப் பிறர் காணலாம். உடன்படிக்கையை எவரும் காண இயலாது. எனவே, சித்திரவதையால் பெறும் வாக்குமூலமே சான்றாயிற்று.

ஏறத்தாழ 1450 முதல் 1750 வரை ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்கும் மதிப்பீடு. அவர்களுள் முக்கால் பங்கினர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பெண்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் செருமானிய மொழி பேசும் பகுதிகளில் இறந்தனர். பெரும்பாலான தீர்ப்புகளை வழங்கியவை அரச, நகர நீதிமன்றங்களே. கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் என்னும் வேறுபாடின்றி இரு தரப்பினரும் இதில் ஈடுபட்டனர்.

7. சமயத்தின் உள்ளிருந்து எழுந்த மறுப்பு

இக்கொடுமையை அறிவியல் வளர்ச்சியே முடிவுக்குக் கொண்டுவந்தது எனக் கூறுவது மரபு. அது ஓரளவே உண்மை. மறுப்பாளர் பலர் பழைய இறையியல் வாதத்தையே மீட்டெடுத்தனர். சீர்திருத்தப் போதகர் யோகான்னஸ் பிரென்ஸ் 1539இல் ஆலங்கட்டி மழையைப் பற்றி ஆற்றிய உரையில், அது சூனியக்காரிகளால் வருவதன்று, கடவுளிடமிருந்து வருவது என்றார். மருத்துவர் யோகான் வையர் 1563இலும், ஆங்கிலேயரான ரெஜினால்ட் ஸ்காட் 1584இலும் வெளியிட்ட நூல்களில், யாத்திராகமத்தின் எபிரேயச் சொல் நஞ்சிடுவோரைக் குறிப்பதேயன்றித் தம் காலத்து மூதாட்டிகளைக் குறிப்பதன்று என வாதிட்டனர்.

இசுப்பானிய விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அலோன்சோ டி சலாசார் ஃபிரியாஸ், 1610இல் லோக்ரோஞ்ஞோ நகரில் ஆறு பேர் எரிக்கப்பட்ட வழக்கின் நீதிபதிகளுள் ஒருவர். அடுத்த ஆண்டு அவர் பாசுக்கு மலைப்பகுதிகளுக்குச் சென்று ஏறத்தாழ 1,800 பேரின் வாக்குமூலங்களை ஆராய்ந்தார். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். சூனியம் நிகழ்ந்ததற்கான சான்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றும், அதைப்பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பின்னரே சூனியக்காரரும் தோன்றினர் என்றும் அவர் அறிக்கை அளித்தார். 1614இல் அம்மன்றம் கடுமையான சான்று விதிகளை வகுத்தது. இயேசு சபைக் குரு ஃபிரீட்ரிக் ஸ்பே 1631இல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட நூல், சித்திரவதை எவரையும் சூனியக்காரர் ஆக்கிவிடும் என்பதை எடுத்துக்காட்டியது.

எனினும், எல்லா மறுப்பாளரும் வரவேற்கப்படவில்லை. பிசாசுக்கு உலகில் செயலாற்றும் வல்லமை இல்லை என 1691இல் எழுதிய டச்சுப் போதகர் பல்தசார் பெக்கர் அடுத்த ஆண்டே பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஹாலே பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்தியான் தொமாசியுஸ், 1694இல் ஒரு வழக்கில் சித்திரவதைக்கு இசைவு தெரிவித்தவர். உடன் பணியாற்றியோர் அதனை மறுத்ததால் தம் கருத்தை மறு ஆய்வு செய்தார். 1701இல், பிசாசோடு உடன்படிக்கை என்னும் குற்றமே இல்லை என நூல் எழுதினார். உடன்படிக்கை என்னும் முடிச்சு அவிழ்ந்ததும் வழக்குகளின் அடிப்படையே ஆட்டம் கண்டது.

8. தமிழ்ச் சொற்களின் வழியே

தொமாசியுஸ் நூல் எழுதிய சில ஆண்டுகளில் அதே ஹாலேயில் பயின்றவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். அவரும் சாக்சனி நாட்டினர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியை அடைந்த அவர், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல்வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் மறைந்தார். ஐரோப்பாவில் ஒரு சொல்லின் பொருள் குறித்த விவாதம் அடங்காதிருந்த காலத்தில், அச்சொல்லுக்குத் தமிழ் தேடும் பணி தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று சீர்திருத்தச் சபையினரிடையே பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகம வசனம் 'சூனியக்காரி' என்னும் சொல்லைக் கொண்டுள்ளது. வெறுமை என்னும் பொருளுடைய வடசொல் 'சூனியம்', தமிழ் வழக்கில் ஒருவரது வாழ்வை வெறுமையாக்கும் செயலையும் குறிக்கலாயிற்று. செய்வினை, ஏவல், பில்லி ஆகிய பிற சொற்களும் தீங்கையே சுட்டுகின்றன. ஆகவே தமிழ்ப் படிப்பாளர் இவ்வசனத்தைப் படிக்கும்போது இரண்டாவது இழை மட்டுமே கண்ணுக்குப் புலனாகின்றது.

'மந்திரம்' என்னும் சொல்லின் நிலை இதற்கு நேர்மாறானது. தொல்காப்பியச் செய்யுளியல் அதனைச் சான்றோரின் ஆணையிலிருந்து பிறக்கும் மறைமொழியாக வரையறுக்கின்றது. திருமூலரின் நூலுக்கும் அதுவே பெயர். தமிழ்க் கத்தோலிக்கர் தம் முதன்மையான வேண்டுதல்களையே 'பரலோக மந்திரம்', 'அருள் நிறைந்த மந்திரம்' எனப் பெயரிட்டு வழங்கினர். ஆகவே, கிறித்தவம் மந்திரத்தை மறுத்தது என்று தமிழில் கூறுவது வகுப்பறையில் குழப்பத்தை உண்டாக்கும். கிறித்தவம் மறுத்தது புனிதச் சொல்லை அன்று. சொல்லைக் கொண்டு தெய்வ ஆற்றலை வசப்படுத்தலாம் என்னும் எண்ணத்தையே என விளக்குவது ஆசிரியரின் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், கிறித்தவம் மந்திரத்தையும் சூனியத்தையும் தவறு எனக் கருதியதற்கு அடிப்படைக் காரணம் அவற்றின் ஆற்றலன்று. கடவுளிடம் வைக்க வேண்டிய நம்பிக்கையை வேறிடத்தில் வைப்பதே பிழை என்பது அதன் மூலக்கருத்து. இக்கருத்து அகோபார்ட் போன்றோர் கையில் அப்பாவிகளைக் காக்கும் வாதமாக விளங்கியது. தீங்கு பற்றிய அச்சமும் உடன்படிக்கைக் கோட்பாடும் பிணைந்தபோது, அதே தடை கொலைக்கான நியாயமாயிற்று. திருச்சபை சூனியக்காரிக்கு மறுத்துவந்த வல்லமையை வேட்டைக்காரரே அவளுக்கு வழங்கினர்.

இவ்வரலாறு பழங்கதையாகிவிடவில்லை. பப்புவா நியூ கினி, சூனியத்தைக் குற்றமாக ஏற்றிருந்த தன் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொலைகளுக்குப் பின்னர் 2013இல்தான் நீக்கியது. 2021 ஜூலையில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் சூனியக் குற்றச்சாட்டுகளால் விளையும் கொடுமைகளைக் களையத் தீர்மானம் நிறைவேற்றியது. சமயத் தடை ஒன்றைக் கற்பிக்கும்போது, அது எதைத் தடுக்கிறது என்பதோடு எக்காரணத்தால் தடுக்கிறது என்பதையும் சேர்த்தே நாம் கற்பிக்க வேண்டும். காரணம் மாறிவிட்டதைக் கவனியாத சமூகம், தடையின் பெயரால் யார் தண்டிக்கப்படுகிறார் என்பதையும் கவனியாது போகும்.